நல்ல ஏரியா

சென்னையில் ஒருவரை முதன்முறையாகச் சந்திக்கிறீர்கள். பெயர் சொல்லியாயிற்று. என்ன வேலை என்று சொல்லியாயிற்று. அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 'நீங்க எந்த ஏரியா?'

கேட்பவருக்கு உங்கள் வீட்டுக்கு வரும் உத்தேசம் துளியும் கிடையாது. உங்களை எந்தத் தட்டில் எடுத்து வைப்பது என்று முடிவு செய்யத்தான் கேட்கிறார். நம் தாத்தா காலத்தில் இதே இடத்தில் 'நீங்க என்ன ஆளுங்க?' என்ற கேள்வி இருந்தது. அதை வாய்விட்டுக் கேட்பது நாகரிகமில்லை என்று இப்போது ஆகிவிட்டது. ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை. எனவே ஏரியா.

நான் பெசன்ட் நகர் என்பேன். 'ஓ! நல்ல ஏரியா சார்' என்பார்கள். பல வருடங்களாக அதைக் கேட்டு உள்ளூர மகிழ்ந்திருக்கிறேன். கடல் காற்றை நானே விசிறிவிடுவது போலவும், தெருவோர மரங்களுக்கெல்லாம் நானே தண்ணீர் ஊற்றி வளர்த்தது போலவும் அடக்கமாக ஒரு புன்னகை வேறு. இப்போது அந்தப் புன்னகை வர மறுக்கிறது. காரணம், எங்கள் லிஃப்ட்.

எங்களுடையது வானளாவிய கட்டடம் எல்லாம் இல்லை. கீழே கார்கள், மேலே நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு. மொத்தம் பதினாறு. ஒரே ஒரு லிஃப்ட். சில மாதங்களுக்கு முன் அதன் கதவுக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு போர்டு முளைத்தது. வீட்டு வேலைக்கு வருபவர்கள், டிரைவர்கள், டெலிவரி ஆட்கள் படிக்கட்டைப் பயன்படுத்தவும். இப்படிக்கு, அசோசியேஷன். ஆங்கிலத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை. எங்கள் கட்டடத்தில் தமிழில் இருக்கும் ஒரே அறிவிப்பு அதுதான். மெயின்டனன்ஸ் கணக்கு, தண்ணீர் லாரி கணக்கு, பொதுக்குழு அழைப்பு எல்லாமே ஆங்கிலம். தமிழ் வாழ்கிறது, மாடிப்படியில்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த போர்டை இரண்டு வாரம் தினமும் பார்த்தேன். 'சே, என்ன இது' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே லிஃப்டில் ஏறி மேலே போனேன். பத்திரிகையில் எழுதுகிற வீரம் வேறு, பக்கத்து வீட்டுக்காரரோடு மோதுகிற வீரம் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் எதிரே வருவார்.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கி, பெருக்கித் துடைத்துக் கொடுக்கிற அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். பதினோரு வருடமாக வருகிறார். இந்தக் கட்டடத்தில் எங்களோடு சேர்த்து நான்கு வீடு, பக்கத்துத் தெருவில் இரண்டு. ஒரு நாள் உள்ளே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

'ஏம்மா, என்ன ஆச்சு?'

'ஒண்ணுமில்ல சார். முட்டி. நாலு மாடி ஏறி வந்தேனா...'

'லிஃப்ட்ல வர வேண்டியதுதானே?'

கேட்ட பிறகுதான் என் கேள்வியின் லட்சணம் எனக்கே உறைத்தது.

'போர்டு மாட்டிட்டாங்களே சார். நீங்க பாக்கல?'

பார்த்தேனே. இரண்டு வாரமாகப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

அன்று மாலை படிகளை எண்ணினேன். மாடிக்கு இருபது. எங்கள் வீட்டுக்கு எண்பது. எங்கள் வீட்டை முடித்துவிட்டு இரண்டாவது மாடிக்கு இறங்க வேண்டும். அந்த வீட்டு அம்மா எழுந்திருக்க நேரமானால் மூன்றாவது மாடிக்கு ஏற வேண்டும். மறுபடி கீழே, மறுபடி மேலே. இந்தக் கட்டடத்தில் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் வாழ்நாளில் குந்தி உட்கார்ந்து ஆறு வீட்டுத் தரையைத் துடைத்தவர்கள் இல்லை. அவர்களுக்கு லிஃப்ட். துடைத்துத் துடைத்தே தேய்ந்த முட்டிக்குப் படிக்கட்டு.

பேச்சு அன்று முட்டியோடு நிற்கவில்லை. என் மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். பாதி குடித்துவிட்டுப் போதும் என்று வைத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் குடிங்களேன் என்றதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

'டாக்டரும் நெறைய தண்ணி குடிக்கத்தான் சொல்றாரு. அடிக்கடி நீர்க்கடுப்பு வருது. ஆனா தண்ணி குடிச்சா போவணும்ல? எங்க போவறது?'

காலையில் ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். திரும்பிப் போய்ச் சேர மதியம் மூன்று. இந்த ஒன்பதரை மணி நேரத்தில் அவர் ஆறு வீடுகளில் பத்துப் பன்னிரண்டு பாத்ரூம்களுக்குள் போய் வருகிறார். எல்லாவற்றையும் கழுவுகிறார். ஒன்றையும் பயன்படுத்துவதில்லை. கீழே வாட்ச்மேனுக்கு என்று மாடிப்படிக்கு அடியில் ஒரு கக்கூஸ் உண்டு. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆம்பளைங்க போற இடம், வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

'இங்கேயே போயிருக்கலாமேம்மா? நாங்க என்ன சொல்லப்போறோம்?'

'நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்க சார். ஆனா போன்னும் யாரும் சொன்னதில்லையே.'

பதினோரு வருடம். இந்தப் பதினோரு வருடத்தில் நான் மனித உரிமை பற்றி எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

என்னைத் திட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருபவர் எந்த பாத்ரூமுக்குப் போகிறார்? 'அவங்க வீட்டுக்குப் போய்ப் போயிடுவாங்க' என்று தோன்றினால், அவர் வீடு எவ்வளவு தூரம் என்றாவது தெரியுமா?

கிராமத்து டீக்கடையில் இரட்டைக் குவளை பற்றிப் பத்திரிகையில் செய்தி வரும்போதெல்லாம் நாம் எவ்வளவு பதறுகிறோம்! 'இந்தக் காலத்திலுமா?' என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். அப்படியே எழுந்து நம் சமையலறைக்குப் போய் ஜன்னல் மேடையைப் பாருங்கள். ஓரமாக, தனியாக ஒரு டம்ளர் கவிழ்ந்திருக்கும். ஒரு தட்டும் இருக்கலாம். அதில் நீங்கள் குடிக்க மாட்டீர்கள், உங்கள் குழந்தை தப்பித் தவறி எடுத்தால் 'அது வேண்டாம், வேற எடுத்துக்கோ' என்பீர்கள். ஏன் வேண்டாம் என்று குழந்தை கேட்டால் பதில் சொல்ல மாட்டீர்கள். டீக்கடைக்காரர் செய்தால் வன்கொடுமை. நாம் செய்தால் ஹைஜீன்.

பழைய மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளின் பின்பக்கம் குறுகலாக ஒரு சந்து ஓடும். எதற்கு என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. எடுப்புக் கக்கூஸைச் சுத்தம் செய்ய வருபவர் வாசல் வழியாக வந்துவிடக் கூடாது, தெருவில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்பதற்காக விட்ட வழி அது. கையால் மலம் அள்ள வைப்பதைத் தடைசெய்து 1993-ல் ஒரு சட்டம் வந்தது, போதாமல் 2013-ல் இன்னொன்று வந்தது. சந்து மட்டும் போகவில்லை. பெரிய அபார்ட்மென்ட்களில் 'சர்வீஸ் லிஃப்ட்' என்று தனியாக ஒன்று இருக்கிறதே, அது அந்தச் சந்தைத் தூக்கி நிமிர்த்தி வைத்ததுதான். எங்களைப் போன்ற சின்னக் கட்டடத்தில் இரண்டாவது லிஃப்டுக்கு இடமில்லாததால் போர்டோடு முடித்துக்கொண்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அசோசியேஷன் கூட்டத்தில் இதைக் கிளப்பினேன். இப்படிப்பட்ட கூட்டங்கள் எப்படி நடக்கும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். முதல் அரை மணி நேரம் பார்க்கிங். அடுத்த அரை மணி நேரம் தண்ணீர். பிறகு காபி. காபி வரும் நேரத்தில் நான் எழுந்து நின்று போர்டை எடுக்க வேண்டும் என்றேன்.

'சார், நீங்க ரைட்டர், எல்லாத்துலயும் சாதியைப் பாப்பீங்க. இது வெறும் ஹைஜீன்' என்றார் ஓய்வு பெற்ற ஓர் அதிகாரி. நல்ல மனிதர். நான் சாதி என்ற வார்த்தையை அதுவரை சொல்லவே இல்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஹைஜீன் என்றால் என்ன? நம் வீட்டை சுத்தமாக்கியவர் அசுத்தம், அழுக்காக்கிய நாம் சுத்தம். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? மூன்றாவது மாடி லாப்ரடார் தினமும் இரண்டு வேளை கடற்கரை மணலில் புரண்டுவிட்டு அதே லிஃப்டில்தான் மேலே போகிறது. எனக்கு அந்த நாய் மேல் ஒரு கோபமும் கிடையாது. மிகவும் சாதுவான நாய். அதற்குப் போர்டு எதுவும் இல்லை என்பதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்து ஒருவர் 'செக்யூரிட்டி' என்றார். இவர் வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது தெரியுமா? வேலைக்கு வருகிற அம்மாவின் முந்தானை முடிச்சில். கணவன் மனைவி இருவரும் ஆபீஸ் போன பிறகு அவர்தான் கதவைத் திறந்து வேலையை முடித்துவிட்டுப் பூட்டுகிறார். பீரோ இருக்கிற வீட்டின் சாவியை நம்பிக் கொடுக்கலாம். ஆறு பேர் நிற்கிற லிஃப்டில் அரை நிமிஷம் நம்ப முடியாது.

'பீக் அவர்ல லிஃப்ட் கிடைக்க மாட்டேங்குது' என்றார் இன்னொருவர். இது மட்டும்தான் நேர்மையான வாதம். எட்டு மணிக்கு ஸ்கூல் பையோடு பிள்ளைகள் நிற்கிறார்கள், கிடைப்பதில்லைதான். அப்படியென்றால் முதல் மாடி, இரண்டாம் மாடியில் இருக்கிற, முட்டி நன்றாக இருக்கிற நாற்பது வயதுக்காரர்கள் அந்த அரை மணி நேரம் இறங்கி நடக்கலாமே? தினமும் காலையில் கடற்கரைக்குப் போய்ப் பத்தாயிரம் அடி நடந்து போனில் கணக்குப் பார்க்கிறவர்கள்தானே. நாற்பது படி கணக்கில் சேராதா? இதைச் சொன்னதும் கூட்டத்தில் ஒரு விதமான அமைதி. காபி ஆறுகிறது என்றார்கள்.

கொரோனா சமயத்தை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் முதலில் நாம் வாசலில் நிறுத்தியது வேலைக்கு வருகிற பெண்களைத்தான். விமானத்தில் ஏறி வந்த நோய் அது. குப்பத்திலிருந்து யாரும் விமானம் ஏறிப் போய் வாங்கி வரவில்லை. ஆனால் நோயைக் கொண்டுவருபவர்கள் என்ற பெயர் அவர்களுக்குத்தான். ஒரு மாதம் நாமே பாத்திரம் தேய்த்தோம். சிலர் அந்த மாதச் சம்பளத்தைக் கொடுத்தார்கள், பலர் கொடுக்கவில்லை. பிறகு இடுப்பு வலி வந்தது. நோய் போவதற்குள்ளாகவே 'எப்ப வர்றீங்க?' என்று போன் போட்டோம்.

இப்போது எங்கள் 'நல்ல ஏரியா' எப்படி நல்ல ஏரியா ஆனது என்று கொஞ்சம் பார்க்கலாம். நாம் ஏதோ உழைத்துச் சம்பாதித்து இங்கே வந்துவிட்ட மாதிரியும், மற்றவர்கள் சோம்பேறித்தனத்தால் வெளியே நிற்கிற மாதிரியும் ஓர் எண்ணம் நமக்கு இருக்கிறது. என் கதையையே சொல்கிறேன். இந்த வீடு இருக்கிற மனை என் மாமனாருடையது. மத்திய அரசில் குமாஸ்தா. 1970-களில் வீட்டு வசதி வாரியம் இங்கே மனையும் ஃப்ளாட்டும் போட்டபோது, குலுக்கலில் விழுந்து, தவணையில் கட்டி வாங்கினார். அந்தக் காலத்தில் சொந்தக்காரர்கள் எல்லாம் 'அந்த மணல்காட்டுல போய் யாரு இருப்பா?' என்று சிரித்தார்களாம். பிறகு பில்டரிடம் கொடுத்து அடுக்குமாடி ஆக்கினார்கள். இன்று இங்கே ஒரு கிரவுண்டு பல கோடி.

அதாவது, அரசாங்கம் நிலத்தை எடுத்து, ரோடு போட்டு, சாக்கடை போட்டு, பார்க் விட்டு, தவணையில் எங்களுக்குக் கொடுத்தது. பெசன்ட் நகர் மட்டுமா? அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர் எல்லாம் இப்படித்தான். அதை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை. திட்டம் என்று சொல்வோம்.

'ஆக்கிரமிப்பு' என்ற வார்த்தையும் அப்படித்தான். ஆற்றங்கரையில் குடிசை போட்டவர் ஆக்கிரமிப்பாளர். நீர்நிலையை அடைத்ததால் வெள்ளம் வந்தது என்று டி.வி. விவாதத்தில் பேசுவோம். அவ்வளவு கசகசப்பிலும் கௌரவம் குறையாத தி. நகர் எதன் மேல் நிற்கிறது? மாம்பலம் பக்கம் நீளமாகக் கிடந்த ஏரியின் மேல். 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியில் போடப்பட்ட திட்டம் அது. அந்த ஏரியின் மிச்சத்தில்தான் 1970-களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் இன்னும் 'லேக் ஏரியா' என்று பெயர் இருக்கிறது, லேக் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஏரிக்குள் வீடு கட்டிய நாம் குடியிருப்போர். ஆற்றுக்குப் பக்கத்தில் கட்டியவர் ஆக்கிரமிப்பாளர்.

எங்கள் ஏரியாவின் பெயரையே பாருங்களேன். அன்னி பெசன்ட் 1916-ல் ஹோம் ரூல் கேட்டுப் போராடினார். அவர் பெயர் வைத்த நகரில் எங்கள் அசோசியேஷன் போட்டிருக்கிற ஹோம் ரூல்ஸ் மொத்தம் பதினெட்டு. பெசன்டுக்கு முன்னால் தியாசபிகல் சொசைட்டியின் தலைவராக இருந்த அமெரிக்கர் ஆல்காட், 'பஞ்சமர்' என்று ஒதுக்கிவைக்கப்பட்ட குழந்தைகளுக்காக 1894-ல் ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரில் பள்ளிக்கூடம் இன்றும் இங்கே இருக்கிறது. அந்தப் பள்ளியைத் தாண்டித்தான் நாங்கள் தினமும் வாக்கிங் போகிறோம்.

பெசன்ட் நகர் என்று ஒன்று பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஊரூர் குப்பம் இருந்தது. பின்னால் வந்தவர்கள் நாங்கள். ஆனாலும் 'குப்பத்துப் பசங்க பைக்ல வேகமா போறாங்க' என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மாதம் ஒரு முறை யாராவது அங்கலாய்க்கிறார்கள். காரில் வேகமாகப் போகிற எங்கள் பசங்களைப் பற்றி எழுத அந்தக் குரூப்பில் வழக்கமில்லை. கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் 1930-ல் உயிரைவிட்ட டென்மார்க் நாட்டு மாலுமி கார்ல் ஷ்மிட்டுக்கு எங்கள் கடற்கரையில் நினைவுச் சின்னம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடியில் மாட்டிக்கொண்ட சென்னைவாசிகளைப் படகு கொண்டுவந்து மீட்ட மீனவர்களுக்கு நாங்கள் என்ன வைத்தோம்? அந்த வாரம் மட்டும் எல்லோரும் அவர்களை 'அண்ணா' என்று கூப்பிட்டோம்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் வீட்டு அம்மாவின் கதை. அவர் அடையாறு ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். வேலைக்கு நடந்தே வருவார், இருபது நிமிஷம். வெள்ளம் வடிந்ததும் 'உங்கள் பாதுகாப்புக்காக' என்று சொல்லி வீட்டை எடுத்துவிட்டு, நகரத்துக்கு வெளியே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இடம் கொடுத்தார்கள். இங்கிருந்து பதினெட்டு, இருபது கிலோமீட்டர்.

இது புதுக் கதை இல்லை. குடிசை மாற்று வாரியம் 1970-ல் ஆரம்பித்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே அல்லது பக்கத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தார்கள். மெரினா ஓரத்தில் நொச்சிக்குப்பத்தில் அப்படித்தான் கட்டினார்கள். கடற்கரையைப் பார்த்த மாதிரி ஏழைக்கு வீடு! அப்போது யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. 2000-க்குப் பிறகு பாதை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். ஆட்சி மாறி மாறி வந்தது, இந்த விஷயத்தில் மட்டும் கட்சி பேதம் இல்லை. 2021-ல் வாரியத்தின் பெயரையும் மாற்றினார்கள், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். வெள்ள அபாயம் என்று ஆற்றங்கரையிலிருந்து கிளப்பி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தது எந்த வகைப் பாதுகாப்பு என்று எனக்குப் புரியவில்லை. மழைக்காலத்தில் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது.

எங்கள் அம்மாவுக்கு ஆறாவது மாடி. போர்டு விஷயம் பேசும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். 'எங்க வூட்லயும் லிஃப்ட் இருக்கு சார். பாதி நாள் ஓடாது. இங்க நல்லா ஓடுது, நான் ஏறக் கூடாது.'

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அந்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குரூப் கொந்தளித்தது. எங்க வரிப் பணம், ஓசிப் பயணம், இத்யாதி. கொஞ்சம் யோசியுங்கள். இருபது கிலோமீட்டர் தள்ளி அனுப்பப்பட்டவர் விடியற்காலையில் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அவருக்கு பஸ் டிக்கெட் காசு நாம் கொடுத்தோமா? டிக்கெட் இருந்திருந்தால் அவர் சம்பளத்தில் சேர்த்துக் கேட்டிருப்பார், அல்லது வராமலே இருந்திருப்பார். அந்த இலவச பஸ்ஸில் நாமும்தான் ஓசியில் போய்க்கொண்டிருக்கிறோம், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

வீட்டு வேலை ஒரு வேலையே இல்லை, அது ஏதோ குடும்ப உறவு என்ற பசப்பு ஒன்று உண்டு. 'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்போம். நம் வீட்டுப் பெண் நம் பாத்ரூமுக்குப் போவாள், நம் சோபாவில் உட்காருவாள். உறவெல்லாம் வேண்டாம், தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் போதும். வீட்டு வேலை செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007-லேயே நல வாரியம் அமைத்தார்கள். வீட்டுப் பணியாளர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களுக்கு உள்ள உரிமைகள் வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-ல் வந்த சட்டம், வீட்டையும் பணியிடம் என்றே சொல்கிறது. தொழிற்சாலை என்றால் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது 1948 சட்டத்திலேயே இருந்தது. கடையில் வேலை செய்பவருக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-ல் நம் சட்டமன்றமே சட்டம் திருத்தியது. துணிக்கடைப் பெண்கள் நின்றுகொண்டே இருக்கிறார்களே என்று அப்போது நாம் எல்லோரும் உருகினோம். உருகி முடித்து வீட்டுக்கு வந்தோம். நம் வீட்டில் ஒருவர் காபி குடிக்கத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

கூட்டத்தில் கடைசியாக ஓட்டெடுப்பு நடந்தது. போர்டை எடுக்க வேண்டும் என்று கை தூக்கியவர்கள் மூன்று பேர். நான், முதல் மாடியில் தனியாக இருக்கிற ஒரு டீச்சர், லாப்ரடாரின் சொந்தக்காரர். கடைசியவர் எதற்காகத் தூக்கினார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஒன்பது பேர் எதிர்ப்பு. நாலு பேர் வரவில்லை. 'டிஸ்கஷன் ஓவர்' என்றார் செயலாளர்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசல் பக்க பாத்ரூம் அவருக்கும்தான் என்று சொல்லிவிட்டோம். முதல் நான்கு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் என் மனைவி புது டவல் ஒன்றை மாட்டிவிட்டு, 'நான் கடைக்குப் போறேன், வர அரை மணி நேரமாகும்' என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கடையில் வாங்க ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது டவல் ஈரமாக இருந்தது. இதை ஒரு சாதனையாகச் சொல்லவில்லை. பதினோரு வருடம் கழித்து ஒரு பெண் சிறுநீர் கழித்ததைச் சாதனை என்று சொல்ல வேண்டிய நிலை வந்தால், அந்த வெட்கத்தை என்ன செய்வது?

லிஃப்ட் பாக்கி இருக்கிறது. இப்போது நான் வீட்டில் இருக்கும் நாட்களில் அவர் வரும் நேரத்துக்குக் கீழே இறங்கிப் போய் அவரோடு லிஃப்டில் ஏறி வருகிறேன். உறுப்பினருடன் வரும் விருந்தினருக்குத் தடையில்லை என்று அதே பதினெட்டு விதிகளில் ஒன்று இருக்கிறது. வாட்ச்மேன் எங்களைப் பார்த்தால் போர்டு பக்கம் முதுகைத் திருப்பிக்கொள்கிறார். இரண்டாவது மாடி மாமி ஒரு நாள் கூடவே ஏறினார். மூன்று பேரும் மேலே ஓடுகிற நம்பரையே பார்த்துக்கொண்டு போனோம். இறங்கும்போது மாமி, 'முட்டிக்கு எந்த டாக்டர்ட்ட காமிக்கற?' என்று அவரிடம் கேட்டார். அதை எதிர் ஓட்டாக எழுதுவதா, ஆதரவு ஓட்டாக எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பென்சிலால் ஆதரவில் எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு மறுபடி கூட்டம். அஜெண்டாவில் மூன்றாவது பொருள்: லிஃப்ட் போர்டை அகற்றுதல். நான்காவது பொருள்: கீழே பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறை. இரண்டையும் என் பெயரில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன், படிக்கட்டில்தான். பதினாறில் ஒன்பது வேண்டும். மாமியையும் சேர்த்தால் இதுவரை ஆறு.